சிந்தாத அரிசி

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் விடிகிறது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். நடுவில் தோணி மிதக்கிறதா, தொங்குகிறதா என்று தெரியவில்லை. வெள்ளத்தில் வீடிழந்த இலங்கை மக்களுக்காக எங்கள் நிவாரண அமைப்பின் அரிசி அதில் ஏறிக்கொண்டிருக்கிறது. மூட்டையைக் கொக்கியால் குத்தித் தூக்கக்கூடாது, ஒரு மணிகூடச் சிந்தக்கூடாது. படித்து வேலைக்கு வந்தபின் நான் போட்ட முதல் உத்தரவு இது.

விளக்குமாறும் சுளகுமாக ஓர் அக்கா வந்து நிற்கிறார்.

"என்ன தம்பி, பச்சப்பிள்ளையத் தூக்குத மாதிரில்லா தூக்குதாங்க. ஒண்ணும் சிந்தலியே?"

"சிந்தினா என்னக்கா?"

"கூட்டி அள்ளிக்கிடுவோம். ராத்திரி உலைக்கு அதான்."

"அங்க சனங்க பட்டினியா இருக்காங்கக்கா."

அக்கா கடலைப் பார்க்கிறார்.

"அப்பம் சரி. அடுத்த தோணிக்கு என்ன சரக்கு?"

"சிமெண்டு."

"அதப் பொங்கித் திங்க முடியாதே" என்று சிரித்துவிட்டு, சுளகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறார்.

ஏற்றி முடிந்த தோணி மூட்டத்துக்குள் கரைகிறது. அக்காவுக்கு ஒரு பிடியாவது சிந்திக் கிடக்கிறதா என்று குனிந்து தரையெல்லாம் தேடுகிறேன். ஒரு மணிகூட இல்லை. என் உத்தரவை எல்லாரும் அப்படியே கேட்டிருக்கிறார்கள்.