அரைக் குளிசை

போரில் வழி மறிக்கப்பட்டு, யாழ்ப்பாணத்துக்கு மருந்து போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்த தொண்ணூறுகளில், ஒரு குளிர்காலக் காலை. ஓக்லாந்தில் எங்கள் குடும்ப மருத்துவரின் அறையில், அவருக்கும் அப்பாவுக்கும் நடுவே அமர்ந்திருந்தேன். பள்ளி விவாத அணியில் எவரையும் எதிர்த்து வாதாடுபவள் நான். அங்கே எனக்கிருந்த வேலையோ, அப்பா சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது மட்டுமே.

அப்பாவின் இரத்த அழுத்தம் இறங்கவில்லை. பென்ரோஸில் பண்டகசாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் என்ற சுமைதூக்கி வண்டி ஓட்டும் அவர், அந்த வாரம் தலைசுற்றி வண்டியைச் சுவரில் மோதியிருந்தார். குளிசையை ஒழுங்காக எடுக்கிறாரா என்று மருத்துவர் கேட்டார்.

“ஓம், ஒவ்வொரு நாளும் எண்டு சொல்லு பிள்ளை.”

சொன்னேன். அப்படியானால் அளவைக் கூட்டத்தான் வேண்டும் என்று மருத்துவர் பேனாவை எடுத்தார். அப்பாவின் முகம் மலர்ந்தது. ஏனென்று எனக்குத் தெரியும். முதல் நாள்தான் அம்மா அழுதுகொண்டே சொல்லியிருந்தார். அப்பா குளிசையைக் கத்தியால் பிளந்து பாதியை மட்டுமே விழுங்கிவந்தார். மிஞ்சிய குளிசை அட்டைகள், கொழும்புக்குப் போகிறவர்களின் பெட்டிகளில் ஏறி, அதே நோயோடு யாழ்ப்பாணத்தில் இருந்த சித்தப்பாவிடம் போயின. அளவு கூடினால் அனுப்புவதற்கும் கூடும்.

அதற்குமேல் என் நா அடங்கவில்லை. உள்ளதை உள்ளபடி மருத்துவரிடம் சொன்னேன். அந்த அளவு ஆங்கிலம் அப்பாவுக்கும் விளங்கும்.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டார். பாதி மருந்து பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம் என்றார். சித்தப்பாவுக்கு என்ன பொருந்தும் என்பதை அவரைச் சோதித்த மருத்துவர்தான் சொல்லவேண்டும் என்றார்.

காரில் அப்பா வெடித்தார். “இது உன்ர பேச்சுப்போட்டி இல்லை. அங்க கிடக்கிறது என்ர தம்பி.”

“இங்க இருக்கிறது என்ர அப்பா. நீங்கள் விழுந்தா அவருக்கு அந்த அரையும் இல்லை.”

மறுநாள் காலை அப்பா என்னை முறைத்தபடியே முழுக் குளிசையை விழுங்கினார். கொழும்பிலிருந்த மாமா, யாழ்ப்பாண மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைச் சித்தப்பாவுக்கு அனுப்ப வழிதேடினார். சில பொதிகள் சேர்ந்தன, சில சேரவில்லை.

விஷயம் அறிந்த உறவினர் அப்பாவைத் தியாகி என்றார்கள், என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மருந்தை மறித்தவர்களைக் கேட்கவேண்டிய கேள்விக்கு என் அப்பாவின் உயிரைப் பதிலாகக் கொடுக்க நான் அன்றும் சம்மதிக்கவில்லை. இன்றும் சம்மதிக்க மாட்டேன்.