எல் பக்கம், ஆர் பக்கம்

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டின் பாதியை வாடகைக்கு எடுத்து, நானும் என் கணவரின் அக்காவும் இட்லி மாவு அரைத்து விற்கிறோம். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சில மெஸ்களுக்கு எங்கள் மாவு போகிறது.

போன கோடையில் பெரிய கிரைண்டரின் மோட்டாருக்கு டிரைவ் என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டினோம். மோட்டார் அதிர்ந்து கிளம்பாது, வேகத்தையும் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சுவரில் ஒரு பெட்டி, அதன் முகப்பில் சின்னத் திரை, கீழே ஓட்டப் பச்சை, நிறுத்தச் சிவப்பு என்று பட்டன்கள். கிரைண்டர் பக்கத்தில் திருகு சுவிட்ச் ஒன்றும் வேகத்துக்கு ஒரு குமிழும் தனியாக வைத்தார்கள். மாட்ட வந்தவர் ஒரே மூச்சில் விளக்கிவிட்டு வேறு வேலைக்கு ஓடிவிட்டார். இருவரும் தலையாட்டினோம்.

திரையின் மூலையில் ஒரு ஆங்கில எழுத்து வரும். ஒரு பட்டனை அமுக்கினால் எல், இன்னொரு தடவை அமுக்கினால் ஆர். எல் என்றால் இடது, ஆர் என்றால் வலது, கல் சுற்றும் திசை என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். கல்லைப் பார்த்தும் தெளியவில்லை. இந்தப் பக்கம் நின்றால் ஒரு மாதிரி, எதிரே நின்றால் வேறு மாதிரி சுற்றியது. பழைய கிரைண்டர் இடமாகத்தான் சுற்றியதாக ஞாபகம். அதனால் ஆர் கண்ணில் பட்டபோதெல்லாம் எல்லுக்கு மாற்றினேன். அப்படி மாற்றிய நாட்களில் அண்ணி குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லையே என்று என்னைப் பார்ப்பார். அவர் ஆரில் வைத்துச் சுவிட்சைத் திருகிய நாட்களிலோ என் பச்சை பட்டன் செத்துக் கிடக்கும். அவர் ஏதோ செய்கிறார் என்று நானும், நான் செய்கிறேன் என்று அவரும் நினைத்தோம். பேச்சு குறைந்தது.

ஒரு மத்தியானம் நான் சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்தினேன். அண்ணி குனிந்து துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுவும்போது அவர் ஆரில்தான் ஓட்டுவார் என்பது நினைவுக்கு வர, உதவியாக இருக்கட்டும் என்று ஆருக்கு மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. கல் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. துணி உள்ளே போய்விட்டது. அண்ணி கையை இழுத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

அவர் கையை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வேணும்னு பண்ணுனியா?"

"இல்ல அண்ணி. வலது பக்கம் சுத்தறதுக்கு மாத்துனேன்."

"வலதா? எல்லுன்னா லோ, மெதுவா ஓடறதுன்னுல்ல நான் நெனச்சிக்கினு இருக்கேன்?"

மாட்டியவருக்கு போன் போட்டேன். எல் என்றால் லோக்கல், ஆர் என்றால் ரிமோட் என்றார். போனை வைத்துவிட்டு, பெட்டி வந்த அட்டைப்பெட்டியில் இருவரும் ரிமோட்டைத் தேடினோம். கிடைக்காமல் மறுபடி கூப்பிட்டதும் அவர் சிரித்துவிட்டார். கிரைண்டர் பக்கத்தில் இருக்கும் சுவிட்சும் குமிழும்தான் ரிமோட்டாம். பெட்டியின் பட்டன்கள் லோக்கலாம். ஆரில் இருந்தால் அந்தச் சுவிட்ச் சொல்வதைத்தான் மோட்டார் கேட்கும். அண்ணி அதை ஆன் நிலையிலேயே விட்டிருந்தார்.

புரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கைக்குப் பக்கத்தில் இருப்பது எப்படி ரிமோட், எட்டி இருக்கும் சுவர்ப் பெட்டி எப்படி லோக்கல் என்று அண்ணி கேட்டார். மோட்டாருக்கு அது அப்படித்தான் போல என்றேன். அதற்கு அர்த்தம் எனக்கும் தெரியாது.

அன்றிலிருந்து மெயினை இறக்காமல் யாரும் கல்லில் கை வைப்பதில்லை. யார் எதைத் தொட்டாலும் வாய்விட்டுச் சொல்கிறோம். "ஆருக்கு மாத்துறேன் அண்ணி" என்பேன். "இரு, சுவிட்ச் ஆஃப்ல கீதான்னு பாக்குறேன்" என்பார். நாள் முழுக்க இப்படிப் பேசிக்கொண்டே அரைக்கிறோம்.