பெரியம்மாவின் புதுச் சீலிங்

கரண்டிக் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே பெரியம்மா குந்தியபடி நகர்ந்துபோனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சமையலறையில் புதிதாகப் பதித்த சிவப்பு ஓடுகள். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் அடுத்த ஓட்டுக்குப் போவார். ‘டொக்’ என்று கேட்டால் நிமிர்ந்து சீனத் தச்சரைப் பார்ப்பார். தச்சர் வாயே திறக்காமல் அந்த ஓட்டைப் பெயர்த்து, அடியில் கலவையை நிரப்பி மறுபடி பதிப்பார். அடியில் அப்படி என்னதான் குறைகிறது என்று நானும் காதை வைத்துக் கேட்டேன். அந்த வேலைக்கு மொழி தேவைப்படவில்லை. வம்பெல்லாம் மேலே, சீலிங்கில் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்தவர் பெரியம்மா. பெரியப்பா போன பிறகு அந்த மெஸ்தான் எங்கள் எல்லோருக்கும் கஞ்சி வார்த்தது. கூரையிலிருந்து சாம்பாரில் கரி விழுகிறது என்று சிலர் வேறு மெஸ்ஸுக்கு மாறியதும், பலகைச் சீலிங் அடிக்கச் சொன்னார். அழகாகவே வந்தது. வாசல் பக்கம் கூரையைச் சற்று வெளியே இழுத்து நிழலும் போட்டிருந்தார் தச்சர். அதைக் கொசுறு என்று நினைத்து மகிழ்ந்துபோனோம்.

அடுப்பு மூட்டிய பிறகுதான் தெரிந்தது. முன்பு கூரை ஓட்டு இடுக்குகளில் நழுவிப்போன புகைக்கு இப்போது போக்கிடம் இல்லை. குழம்பில் புகை நாற்றம். நாளெல்லாம் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் அண்ணன்கூட, “இதுக்குக் கரியே தேவலாம்க்கா,” என்று தட்டைத் தள்ளிவைத்தார். அவரும் போய்விட்டால் மெஸ் படுத்துவிடும். எனக்குப் பயமாக இருந்தது.

விறகு ஈரம் என்றார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். பெரியம்மா மட்டும், “பொக போறதுக்கு வழி வைன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். மலாய்லயே சொன்னேன்,” என்று பொரிந்தார். எங்கள் வீட்டில் பாசாருக்குப் போய் மலாய் பேசத் துணிந்தவர் அவர் ஒருவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பெரியம்மா ‘தவுக்கே’, அதாவது முதலாளி, என்று மரியாதையாக அழைக்கும் தச்சர் வந்தார். பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “அத்தாப் மாவ் கெலுவார்னு சொன்னேனா இல்லியா?” என்று பாதி தமிழில் கத்தினார். தச்சர் முகம் மலர்ந்துவிட்டது. “சுடா, தங்காச்சி! சுடா கெலுவார்!”, வெளியே வந்தாயிற்று, என்று எங்களை வாசலுக்கு அழைத்துப்போய், வெளியே நீண்டிருந்த கூரையைப் பெருமையோடு காட்டினார்.

பெரியம்மா கூரையைப் பார்த்தார். சீலிங்கைப் பார்த்தார். மறுபடி கூரையைப் பார்த்தார். மலாயில் புகைக்கு ‘அசாப்’ என்று பெயர், கூரைக்கு ‘அத்தாப்’. தோட்டத்து அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ் பல காலம் குடியிருந்த நாக்கு, தெரிந்த சொல்லுக்கே போய் விழுந்திருக்கிறது. ‘கூரை வெளியே வரவேண்டும்’ என்று சொன்னால் பாவம், தச்சர் என்ன செய்வார்? இழுத்துவிட்டார்.

தப்பு யாருடையது என்று பெரியம்மா சொல்லவில்லை. தச்சரும் கேட்கவில்லை. பெரியம்மா அடுப்பைக் காட்டி, மூக்கைப் பொத்தி, இருமிக் காட்டினார். “ஓ... அசாப்,” என்றார் தச்சர். பிறகு ஏணியில் ஏறி, தான் இழைத்து இழைத்துப் பொருத்திய பலகையைத் தானே அறுத்தார். மேலே கூரையில் சில ஓடுகளை எடுத்துவிட்டு, மழை உள்ளே வராமல் தகரத்தில் ஒரு மூடாக்குப் போட்டார்.

இன்று என் அடுப்பில் புகையே வருவதில்லை. யாருக்கும் எதையும் இருமிக் காட்டி விளக்க வேண்டியதும் இல்லை. ஒரு தவறான சொல்லை நம்பி ஒரு மனிதர் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறார் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

அன்று அடுப்பு மறுபடி மூட்டப்பட்டது. புகை கொஞ்சம் தயங்கி, வழியைக் கண்டுபிடித்து, நேராக மேலே போனது. ஃபயர்மேன் அண்ணன் தட்டோடு வந்து உட்கார்ந்தார். தச்சருக்கும் ஒரே குஷி. பெரியம்மாவின் மனம் குளிரட்டும் என்று அவர் சொல்லையே எடுத்து, “தங்காச்சி, அத்தாப் சுடா கெலுவார்!” என்றார்.

பெரியம்மா கரண்டியை உயர்த்தி, ‘அது இல்லை, இது’ என்று பிள்ளைகளைத் திருத்துகிற கண்டிப்போடு மலாயில் சொன்னார்:

“அத்தாப் புக்கான், தவுக்கே. அசாப்!”