உள்ளே மடித்து வைத்த துணி

இரைப்பையை வெட்டிச் சுருக்கிய ஐந்தே மாதத்தில் தையல்காரர் முப்பது கிலோ இறங்கிவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஏதோ மலையையே தூக்கி நகர்த்தியதுபோலப் பீற்றிக்கொள்வார். கத்தி பிடித்தது டாக்டர்; அரைக் கிண்ணம் பருப்பும் முட்டையும் அளந்து போட்டது மனைவி; பேர் மட்டும் இவருக்கு.

ஒவ்வொரு கவளத்தையும் நிதானமாக மென்று தின்னச் சொல்லியிருந்தார்கள். இவரோ மெல்லும் வேலையே வேண்டாமென்று ஐஸ்கிரீமை உருகவைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"இது தண்ணி மாதிரிதானே? வயித்துல எங்க தங்கப்போகுது?"

"ஆமா, டாக்டருக்குப் படிச்ச நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் மனைவி.

அன்று அவர் தன் பழைய பேண்டைப் பிடித்துத் தைத்து, பெருமையாக அவளிடம் நீட்டினார். அவள் வெளிப்புறத்தைப் பார்க்கவேயில்லை; உட்புறத்தைத் திருப்பினாள். இடுப்புத் தையலுக்குள் நான்கு விரல் அகலத் துணி வெட்டப்படாமல் மடிந்து கிடந்தது. வளரும் பிள்ளைகளின் உடுப்பில்தான், பிற்பாடு பிரித்துவிட வசதியாக, அவர் இப்படி விட்டுவைப்பார்.

"இது எதுக்கு?"

"ஒரு முன்யோசனைதான்."

"வயசு அம்பத்திரண்டு. இன்னும் எந்தப் பக்கம் வளரப்போறீங்க?"

அவர் வாய் திறக்குமுன், அவருடைய கத்தரிக்கோலாலேயே அந்தத் துணியை நறுக்கிப் போட்டாள்.

"டாக்டர் வெட்டாம விட்டது இது ஒண்ணுதான்."