அளவோடு ஏற்றிய நஞ்சு

அறுபத்தொன்பது வயதில் ஈறில் இரத்தம் கசிந்தால் யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுச் சீருடைகள் தைக்க உட்கார்ந்துவிடுவேன். கைகளில் நீலத் திட்டுகள் தெரிந்தபோது மெஷினில் இடித்திருப்பேன் என்று நினைத்தேன். காய்ச்சலும் வந்த பிறகுதான் மருமகள் விடாப்பிடியாக என்னை மஹய்யாவை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. டெங்கு என்றார்கள். பரிசோதித்தால் டெங்கு இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஒருவர் என் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பில் ஊசி ஏற்றி மஜ்ஜையும் எடுத்தார்.

"இது இரத்தப் புற்றுநோயில ஒரு வகை போலத் தெரியுது அம்மா. உங்கட வயசில அபூர்வம். கெதியா உடம்புக்குள்ள இரத்தம் கசிய வைக்கும். பரிசோதனை முடிவு முழுசா வருமட்டும் காத்திருக்க ஏலாது. விழுங்கிற குளிசையை இண்டைக்கே தொடங்க வேணும்."

கலகெதரையில் கடை வேலையை விட்டு ஓடிவந்த என் மகன் கலங்கிப்போனான். "இந்த வயசுல அம்மா தாங்குவாங்களா? வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடட்டுமா டொக்டர்?"

"நோய் எனக்குடா. கேக்கிறதுன்னா என்னையக் கேளு" என்றேன் கட்டிலிலிருந்தே. "குளிசையைக் குடுங்க டொக்டர்."

பரிசோதனை முடிவு வந்தது. டொக்டர் சந்தேகித்த நோயேதான். அடுத்து நரம்பில் ஏற்றப்போகும் மருந்து ஆர்செனிக் என்றார்.

"அது பாஷாணமில்லையா?"

"ஓம் அம்மா, நஞ்சுதான். அளவோட தந்தா இந்த நோய்க்கு அதுதான் மருந்து."

"அப்ப அளவு தப்பாம ஏத்துங்க."

சில நாட்களில் மூச்சு முட்டியது, கால்கள் வீங்கின. நோய் அணுக்கள் மருந்தால் மாறும்போது அப்படியும் வருமாம். உடனே வேறு ஊசி போட்டார்கள், மெல்ல அடங்கியது. அதுவரை உட்கார்ந்தபடியே தூங்கினேன். ஆனாலும் கழிவறைக்கு நடந்துதான் போவேன் என்று பிடிவாதம். விழுந்தால் இரத்தம் நிற்காது என்று தாதி திட்டினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், நடப்பதை விடவில்லை.

மறுபடியும் மஜ்ஜை எடுத்துப் பார்த்த டொக்டர் என் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். "நோய் அணு ஒண்டும் தெரியேல்ல அம்மா."

மகன் வராந்தாவுக்குப் போய் அழுதான். நான், "அடுத்த ஊசி எப்ப?" என்று கேட்டேன்.

பிறகும் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். ஒரு தடவையும் போகாமல் இருக்கவில்லை. இப்போது பரிசோதனைக்கு மட்டும் போகிறேன். மருமகள் தானும் வருவேன் என்கிறாள். வரட்டும், பேச்சுத்துணைக்கு.