ரப்பருக்கு வேறு கிரீஸ்

பெயர் எழுதாத நான்கு டின்கள் ஒரு பலகைமேல் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத் துணி கட்டியிருக்கும். அல்சூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட். அங்கே என் அக்காவின் கணவர் தலைமை மெக்கானிக். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பத்திரிகை அலுவலகத்துக்குப் போகும் வழியில் நான் அங்கே நின்று ஒரு டீ குடித்துவிட்டுப் போவேன்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் கிரீஸை ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுத்துப் பார்ப்பார். நூல் நூலாக நீண்டால் அது சக்கர பேரிங்குக்கு. பிரேக் டிரம்மின் சூட்டிலும் உருகி ஓடாது, ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். வெண்ணெய் போல் வழவழவென்று இருந்தால் வாட்டர் பம்புக்கு. அது தண்ணீருக்கு அசையாது, சூட்டுக்கு ஓடிவிடும். பென்சில் கரி கலந்த கறுப்புக் கிரீஸ் ஸ்பிரிங் பட்டைகளுக்கு. நான்காவது டின்னில் விளக்கெண்ணெயில் செய்த கிரீஸ் மங்கலாக, பார்க்க அழுக்குப் போல் இருக்கும். பிரேக் சிலிண்டருக்குள் போகும் ரப்பர் வாஷர்களுக்கு அதைத் தவிர எதையும் அவர் தொடவிடமாட்டார். மற்ற கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும், பிரேக் பிடிக்காது.

“எல்லாம் கிரீஸ்தானே மாமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆமா மச்சான். எல்லாம் எண்ணெய்தான்னு தலைக்கு வெக்கிறதயே தோசைக்கும் ஊத்து. உங்கக்கா கரண்டியாலயே போடுவா.”

அவர் கை பட்டுத் தட்டில் வைத்த பாகத்தை ஷெட்டில் யாரும் மறுபடி பார்க்கமாட்டார்கள். எடுத்து அப்படியே மாட்டுவார்கள். அந்த நம்பிக்கைதான் அவர் சேர்த்த சொத்து.

ஆயுத பூஜையன்று ஷெட்டுக்கு எல்லார் வீட்டுப் பெண்களும் வருவார்கள். ஸ்பானர் முதல் ஸ்டீரிங் வரை எதுவும் அழுக்காக இருக்கக் கூடாது. துடைத்து, பளபளக்கக் கொஞ்சம் கிரீஸ் தடவி, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்தின் முன் பரப்புவார்கள். அந்த வருஷம் அக்காவும் வந்திருந்தாள். மாமா வாசலில் பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். அவர் முதல்நாள் விளக்கெண்ணெய் கிரீஸ் பூசித் தயார்செய்து வைத்திருந்த ரப்பர் வாஷர் தட்டைப் பார்த்து அக்கா முகம் சுளித்தாள்.

“சாமி முன்னாடி இப்படியா வெப்பாங்க? உங்க மாமாவுக்கு இரும்பு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும்.”

முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு வாஷரையும் துணியால் துடைத்தாள். பக்கத்தில் திறந்திருந்த வாட்டர் பம்பு கிரீஸைத் தொட்டு, விளிம்பு விடாமல் பூசினாள். நான் இரண்டடி தூரத்தில் பொரி தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பருக்கு எது ஆகாது என்று எனக்குத் தெரியும். பார்ப்பதுதான் என் தொழில். ஆனாலும் அந்த நிமிஷம் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, மாமா வருவதற்குள் ஃபிட்டர் அந்தத் தட்டிலிருந்து எடுத்து ஓசூர் பஸ்ஸுக்கு மாட்டிவிட்டார். ஐந்தாம் நாள் ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பஸ் புளியமரத்தில் மோதியது. படியில் நின்றிருந்த கண்டக்டர் இறந்துபோனார்.

விசாரணை ஷெட்டிலேயே நடந்தது. செய்தி எடுக்க என்னையே அனுப்பினார்கள். மேனேஜர் உப்பிப்போன வாஷரை மேசைமேல் வைத்து, இதற்குக் கிரீஸ் போட்டது யார் என்று கேட்டார். மாமா அதை எடுத்து, வழக்கம்போல் விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒருமுறை என்னைப் பார்த்தார்.

“நான்தான் சார். டின் மாறிப்போச்சு.”

நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மெக்கானிக்கின் கவனக்குறைவே காரணம் என்று மறுநாள் நான்கு வரியில் செய்தி வந்தது. அந்த நான்கு வரியும் என்னுடையவை.

வெளியே வந்ததும், “மாமா, அன்னிக்கு அக்கா...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். அன்னிக்கு அந்தத் தட்டத் தொட்டது வேற யாரு?” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “இதோ பாரு மச்சான், வேலை போனா இன்னொண்ணு. ஒரு ஆளு செத்ததுக்கு நம்ம கைதான்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. நீ இத வாயத் தொறந்து சொன்ன, அப்புறம் எனக்கு நீ மச்சானே இல்ல” என்றார்.

அதன்பின் எந்த ஷெட்டிலும் அவரைச் சேர்க்கவில்லை. தொம்மலூரில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். அக்கா சண்டை போடவில்லை. ஆனால் கண்டக்டரின் மனைவியைத் தேடிப் போய், தன் வீட்டுக்காரருக்காகக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் எடுத்துப்போனாள். மாமாவையும் கூப்பிடுவாள். அவர் ஒருமுறைகூடப் போகவில்லை. “கல்லு மனசுய்யா உனக்கு” என்று என் எதிரிலேயே சொல்வாள். அவர் பஞ்சர் பிசின் ஒட்டிய நகத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார். மேனேஜரிடம் சொல்ல முடிந்த பொய்யை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே அவரால் சொல்ல முடியவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். அவரிடம் கேட்டதில்லை.

போன மாசம் மாமா போய்விட்டார். சாவுக்கு வந்த கண்டக்டரின் மனைவி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“நல்ல மனுஷன்தாண்டா. ஒரு நாள் என்னை அடிச்சதில்ல, திட்டினதில்ல. ஆனா செத்தவன் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை, தப்பாப் போச்சும்மான்னு சொல்ல மனசு வரல பாரு. அத மட்டும் என்னால மன்னிக்க முடியல. நீயே சொல்லு, நான் சொல்றது தப்பா?”

சொல்லக்கூடாது என்று தடுத்தவர் இப்போது இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பில்லக்கா” என்றேன்.