இரண்டாவது நுனி

சென்ற கிழமை என் மேசைக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. பழம்பொருள்களை ஏலம் விடும் இடம் ஒன்றில் வேலை செய்கிறேன். வருகிற சாமான் என்ன, எங்கே செய்தது, யார் கையிலிருந்து வந்தது என்று எழுதுவது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன், இப்போது உங்களிடம் சொன்னதுபோல.

மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் மணம். ஜப்பானில் கையால் செய்த மூங்கில் தூண்டில், துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றும் அதற்கான பள்ளத்தில். இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை ஆற்றில் வீசி மீன் பிடிப்பதற்கானது. ஆனால் இப்படியான தூண்டில்களில் பல தண்ணீரையே கண்டதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் அங்கே இருந்த அந்நியச் சிப்பாய்கள் ஞாபகத்துக்கு வாங்கி வந்தவை. நுனி மெல்லியது, முறியும் என்று இரண்டு நுனிகள் வைத்துக் கொடுப்பார்கள். இந்தப் பெட்டியில் ஒரு நுனியின் பள்ளம் வெறுமையாக இருந்தது. பெட்டியை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். தேங்காயெண்ணெய் மணக்கவில்லை.

இதே மாதிரி ஒரு பெட்டி ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டில், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு மேல் தட்டில் இருந்தது. அப்பா மன்னாரில் வலை இழுத்தவர். புலம்பெயர்ந்து வந்தபின் இங்கே விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றினார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், காரின் பின்பெட்டியில் பழைய சாமான் வைத்து விற்கும் கார் பூட் சந்தையில் அதை வாங்கி வந்தார்.

"கடலிலை வலை போட்டவர் இனிக் கால்வாயிலை தூண்டில் போடப்போறாராம்" என்று அம்மா சொல்ல, சின்னம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

சின்னம்மா அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பா நான் பிறக்குமுன் ஒரு விடியலில் கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, அவரும் வரவில்லை. பிறகு சின்னம்மா எங்களோடு வந்து சேர்ந்தார்.

கொஞ்ச நாளில், வீட்டுக்கு வந்த ஒருவர் இது என்ன பெட்டி என்று கேட்டார். "தம்பியின்ரை" என்றார் அப்பா, யோசிக்காமல். தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற சின்னம்மா, வந்தவர் போகும்வரை பொறுத்திருந்தார்.

"அத்தான், அவர் ஒருநாளும் தூண்டில் தொட்டவரே?"

"தெரியும் பிள்ளை. அவன்ரை எண்டு ஒண்டும் எங்களிட்டை இல்லையே. அவன் உடுத்த ஒரு சாரம்கூட இல்லை."

"ஞாபகத்துக்குச் சாமான் வைக்கிறது செத்த ஆளுக்கு. அவர் செத்ததை ஆர் கண்டது?"

அப்பா பெட்டியை இறக்கப் போக, சின்னம்மா தடுத்தார்.

"அவருக்கு வாங்கினதெண்டு சொல்லுங்கோ. வந்தால் குடுப்பம்."

அன்றிலிருந்து அது சித்தப்பாவுக்கு வாங்கின பரிசு. சனிக்கிழமைகளில் சின்னம்மா தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொரு துண்டாகத் துடைப்பார். அப்படிச் செய்யக்கூடாது என்று இன்று என் படிப்புக்குத் தெரியும். அன்று அந்த மணத்தில் எனக்குப் பசித்தது.

குளிர்காலத்தில் ரேடியேட்டர் சூடேறும்போது பெட்டிக்குள் மூங்கில் 'டிக்' என்று நெரியும். சின்னம்மா கதவைப் பார்ப்பார். அவர் பார்க்கிறாரே என்று அப்பா பார்ப்பார், பிறகு அம்மா, பிறகு நான். கதவடிக் கால்மிதியில் என் சப்பாத்தை நான் ஒருபோதும் கழற்றி விட்டதில்லை. கடலிலிருந்து வருகிறவர் ஈரக்காலோடு வருவார், அவருக்கு இடம் வேண்டும்.

நவம்பரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துப் பூசை வைப்பார்கள். தம்பிக்கு ஒரு செபம்கூட இல்லையே என்று அப்பா உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். பெயர் கொடுக்கச் சின்னம்மா விடவில்லை. நான் பல்கலைக்கழகம் போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, சின்னம்மா தானாகவே சொன்னார்:

"அத்தான், அவரின்ரை பேரையும் குடுங்கோ."

பெயர் வாசித்தபோது அப்பா விம்மி அழுதார். சின்னம்மா அழவில்லை. அடுத்த கிழமை பெட்டியைக் கொண்டுபோய், பழைய சாமான்களைத் தானமாக வாங்கி விற்கும் தருமக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

இந்த மாசியில் சின்னம்மா காலமானார். அவருக்கு உடுத்தச் சேலை எடுக்கலாம் என்று அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், துவாயில் சுற்றி, தூண்டிலின் ஒரு நுனி. விரலில் எண்ணெய் பட்டது. காய்ந்து பிசுபிசுத்த எண்ணெய் இல்லை. புதிது.

அப்பா அதை வாங்கி நெடுநேரம் முகர்ந்தார். பிறகு, சவப்பெட்டியை மூடுமுன், சின்னம்மாவின் செபமாலைக் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவனுக்கு வாங்கினது. இவ கொண்டுபோய்க் குடுக்கட்டும்."

ஹவுன்ஸ்லோ வீட்டை விட்டு வந்துவிட்டோம். புது வீட்டில் சூடு தரைக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் வருகிறது. யாரும் கதவைப் பார்ப்பதில்லை. கால்மிதி முழுக்கச் சப்பாத்துகள்.

ஒரு பள்ளம் வெறுமையாக வரும் பெட்டிகளுக்கு, நுனி முறிந்திருக்கலாம் என்று எழுதுவது எங்கள் வேலையிடத்து வழக்கம். நான் அப்படி எழுதவில்லை. ஒரு நுனி பெட்டியோடு வரவில்லை என்று மட்டும் எழுதினேன்.